சொந்த அடுப்பு: அந்தமானில் நம் அடுக்களை வளர்ந்த வரலாறு

வரலாறு என்றதும் நம் நினைவுக்கு வருவன அரசர்களும் போர்களும் ஆண்டுக் கணக்குகளுமே. அடுக்களைக்கும் வரலாறு உண்டு என்று சொன்னால் நகைப்பாரும் உளர். ஆயினும், ஒரு மக்கட் கூட்டம் ஓரிடத்தில் வேரூன்றிவிட்டதா என்பதை அறிய, அவர்கள் எழுப்பிய மாளிகைகளைப் பார்ப்பதினும் அவர்கள் மூட்டிய அடுப்புகளைப் பார்ப்பதே நேர்வழி என்பது எம் துணிபு. மாளிகையில் ஆட்சி இருக்கலாம். வாழ்க்கை இருப்பது அடுப்பங்கரையில் அன்றோ?

தண்டவாளம் ஒன்றுகூட இல்லாத இத்தீவில் இரயில் பயணச்சீட்டு முன்பதிவு செய்து தரும் குமாஸ்தாத் தொழில் எமது. பத்தாம் வகுப்போடு எம் படிப்பு நின்றது. ஆகவே, இஃது அறிஞர் ஆராய்ந்து எழுதிய வரலாறு அன்று. நம் குடியிருப்பில் ஒருவர், படித்தும் கேட்டும் உண்டும் அறிந்தவற்றைத் தம் மக்களுக்கு எடுத்துரைப்பதாகக் கொள்க.

ஒரு சேப்பங்கிழங்கின் பாடம்

இக்கட்டுரை எழுத நேர்ந்ததற்குக் காரணம் ஒரு சேப்பங்கிழங்கு. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடி மாதம். பருவக்காற்றால் கடல் கொந்தளித்துக் கிடந்தது. சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடந்து வரவேண்டிய கப்பல் குறித்த நாளில் வரவில்லை. கடைத்தெருவில் வெங்காயம் அருகிற்று. புளியோ அறவே இல்லை. அன்றைக்கென்று பார்த்து அடுத்த வீட்டு வங்காளக் குடும்பத்தாரை விருந்துக்கு அழைத்திருந்தோம்.

“இருப்பதை வைத்துக் குழம்பு கூட்டத் தெரியாதா எனக்கு?” என்று எம் மனைவி துணிந்தார். கொல்லையில் மழைக்குத் தழைத்திருந்த சேம்பைப் பிடுங்கிக் கிழங்கை எடுத்தார். புளிக்கு மாற்றாக இரண்டு தக்காளியைப் பிசைந்துவிட்டார். மணத்தில் குறையில்லை, நிறத்திலும் குறையில்லை. இலையிட்டுப் பரிமாறி முதற் கவளம் உள்ளே சென்றதும், உண்ண அமர்ந்த ஏழு பேரும் ஒரே நேரத்தில் தொண்டையைப் பிடித்துக்கொண்டோம். எம் இளைய மகன் அழத் தொடங்கினான். விருந்தினர் முன் எம் மனைவியின் முகம் வாடியதை இன்று நினைத்தாலும் எமக்கு வருத்தமே.

சேம்பிலும் கருணையிலும் கால்சியம் ஆக்சலேட் என்னும் நுண்ணிய ஊசிப் படிகங்கள் உள்ளன என்றும், அவையே நாவையும் தொண்டையையும் குத்தி நமைச்சல் தருகின்றன என்றும் பின்னர் அறிந்தோம். நன்றாக வேகவைத்து மிகுந்த புளி சேர்ப்பதால் அந்நமைச்சல் அடங்கும். நம் பாட்டியர் புளியைச் சுவைக்காக மட்டும் கரைத்து ஊற்றவில்லை. அறியாது செய்த எம் வீட்டுச் சோதனை, அறிந்து செய்த அவர்களது கைப்பழக்கத்தின் அருமையைக் காட்டிற்று.

அப்பொழுது அந்த வங்காள அம்மையார் செய்ததே வரலாறு. அவர் சினக்கவில்லை. விழுந்து விழுந்து சிரித்தார். தம் வீட்டிற்கு ஓடி எலுமிச்சம்பழங்கள் கொணர்ந்து பிழிந்து கொடுத்தார். தம் பாட்டியார் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதியாக வந்து காடு திருத்திக் குடிசை போட்ட முதல் ஆண்டில், இதே சேம்பால் குடிசை முழுதும் நமைச்சலில் துடித்ததாகச் சொன்னார். அவ்விரவு எமக்கு ஓர் எண்ணம் பிறந்தது. இத்தீவில் உள்ள ஒவ்வொரு குடும்பத்திற்கும் முதல் அடுப்பும் முதல் தவறும் உண்டு. அவற்றைக் கோத்தால் அதுவே அந்தமானின் வரலாறு ஆகாதா?

அணைந்த அடுப்புகள்

நம் அடுப்பைப் பற்றிப் பேசுமுன், நமக்கு முன் இங்கு எரிந்த அடுப்புகளை மறத்தல் நன்றி கொன்ற செயலாகும். அந்தமானின் தொல்குடியினர் பன்னெடுங்காலம் இக்காடுகளில் மீனும் பன்றியும் ஆமையும் கிழங்கும் தேனும் உண்டு வாழ்ந்தனர். அவர்கள் புதிதாய்த் தீ மூட்டும் வழக்கம் இல்லாதவராய், இருந்த தீயை அணையாமல் போற்றிக் காத்து, இடம் பெயரும்போதும் உடன் எடுத்துச் சென்றனர் என்று பழைய ஆராய்ச்சியாளர் எழுதியுள்ளனர்.

தெற்கே நிக்கோபார்த் தீவுகளில் தென்னை செழித்திருந்தது. தாழையினத்து மரமொன்றின் பெருங்கனியை வேகவைத்து, சதையை வழித்து, அப்பம்போல் திரட்டி உண்பது அங்குள்ளோர் மரபு. முதலாம் இராசேந்திர சோழனின் கடற்படையெடுப்பைக் கூறும் சாசனங்களில் இத்தீவுகள் மாநக்கவாரம் என்னும் பெயரால் குறிக்கப்படுகின்றன. அப்படையெடுப்பு 1025-ஆம் ஆண்டை ஒட்டியது. ஆயினும் அந்தப் படைவீரர் எவரும் இங்கு அடுப்பு மூட்டித் தங்கினார் என்று சொல்வதற்கில்லை.

1858 மார்ச் 10-ஆம் நாள் டாக்டர் வாக்கர் என்னும் அதிகாரி 200 கைதிகளுடன் போர்ட் பிளேரில் வந்து இறங்கினார். முந்தைய ஆண்டுப் பெருங்கிளர்ச்சியை ஒடுக்கிய ஆங்கில ஆட்சி, பிடிபட்டோரை நாடு கடத்த இவ்விடத்தைத் தேர்ந்தது. கைதிகளோடும் காவலரோடும் தட்டம்மை முதலிய நோய்களும் வந்தன. பெரிய அந்தமானியர் எனப்படும் தொல்குடியினர் ஆயிரக்கணக்கில் இருந்தது போய்ச் சில பத்துப் பேராகச் சுருங்கினர். வந்தேறியோரின் அடுப்பு எரியத் தொடங்கிய காலமே அவர்களது அடுப்புகள் அணையத் தொடங்கிய காலம். இதனை நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் வேண்டும்.

பத்தாண்டுக்குப் பின் ஓர் அடுப்பு

ஆட்சியின் தலைமையிடமாக ராஸ் தீவு விளங்கிற்று. 2018-ஆம் ஆண்டு முதல் அது நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு எனப்படுகிறது. அங்குச் சென்றவர்கள், வேர்கள் பற்றிப் படர்ந்த சுவர்களுக்கிடையே அதிகாரிகளுக்கு ரொட்டி சுட்ட சாலையின் இடிபாட்டைக் கண்டிருப்பர். நீர்ப்பரப்புக்கு இப்பால் பாசறைகளில் கைதிகளுக்குக் கொப்பரையில் சோறு பொங்கிற்று. எதை, எப்பொழுது, எவ்வளவு உண்பது என்பதில் கைதிக்குச் சொல் கிடையாது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வழங்கிய விதி ஒன்று நம் சிந்தனைக்குரியது. இங்கு வந்த கைதி முதல் 6 மாதம் தனிச்சிறையிலும், அடுத்த 18 மாதம் பிறரோடு கூட்டாக உழைக்கும் சிறையிலும், அடுத்த 3 ஆண்டு பாசறையிலும் கழிக்க வேண்டும். அதன்பின் 5 ஆண்டு சிறு படியுடன் உழைக்க வேண்டும். இவ்வாறு 10 ஆண்டு நிறைந்தபின், நன்னடத்தையுடையவர்க்குச் சீட்டு ஒன்று தரப்படும். அது பெற்றவன் சிற்றூரில் குடியேறி நிலம் உழலாம், மாடு வளர்க்கலாம், மணம் செய்துகொள்ளலாம் அல்லது ஊரிலிருக்கும் குடும்பத்தை வரவழைக்கலாம். ஆயினும் அவன் விடுதலை பெற்றவன் அல்லன். தீவை விட்டுப் போகவும் இயலாது. அப்படியாயின் அவன் பெற்றதுதான் யாது? யாம் எண்ணிப் பார்த்த அளவில், அவன் பெற்றது சொந்த அடுப்பு ஒன்றே.

பத்தாண்டு கொப்பரைச் சோறு உண்டவன், தன் குடிசையில் மூன்று கல் கூட்டி, ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்து, முதன்முதலாகத் தன் கையால் பொங்கிய நாளை எண்ணிப் பாருங்கள். அச்சோறு குழைந்திருக்கும், அல்லது அடிப்பிடித்திருக்கும். ஆயினும் அதனைக் குழைத்தவனும் அவனே, உண்டவனும் அவனே. சென்னை மாகாணத்திலிருந்து வந்த கைதிகளும் அவர்களுள் இருந்தனர். தமிழ்ச் சமையல் இத்தீவில் காலூன்றிய தொடக்கம் இத்தகைய குடிசைகளில்தான் இருந்திருக்க வேண்டும்.

உணவே படையான கதை

1896-இல் தொடங்கி 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட கூண்டுச் சிறையை நாம் நன்கு அறிவோம். மூன்று அடுக்குகள், ஏழு சிறகுகள், ஏறத்தாழ 700 தனியறைகள். அங்கு அடைபட்டோர் எழுதிய நினைவுகளால் அவர்களது உணவை அறிகிறோம். காலையில் கஞ்சி, பின்னர் ரங்கூன் அரிசிச் சோறு, தடித்த ரொட்டி, பருப்பு, வேகவைத்த இலை. நாள்தோறும் இவையே. சேப்பிலையும் அதில் உண்டு என்று படித்தபோது எம் தொண்டை தானே நமைத்தது.

இன்னொன்று இதனினும் கொடிது. அரசியல் கைதிகளைச் செக்கில் பூட்டி, நாளொன்றுக்கு 30 பவுண்டு தேங்காய் எண்ணெய் ஆட்டச் சொன்னார்கள். குறைந்தால் தண்டனை. இன்று நாம் தாளிக்கும் எண்ணெய்க் கரண்டியைக் கையிலெடுக்கும்போது, ஒருகாலத்தில் இவ்வூரில் மாட்டின் இடத்தில் மனிதர் சுழன்று அதனைப் பிழிந்தார்கள் என்பதை ஒரு கணம் எண்ணுதல் தகும்.

உண்ணும் உரிமை பறிக்கப்பட்டவர்க்கு, உண்ண மறுக்கும் உரிமை எஞ்சியிருந்தது. 1933-ஆம் ஆண்டு மே மாதம் கைதிகள் உண்ணாநோன்பு தொடங்கினர். நல்ல உணவும் விளக்கும் படிக்க நூல்களும் செய்தித்தாள்களும் அவர்கள் கேட்டவற்றுள் அடங்கும். அதிகாரிகள் வலிந்து பால் புகட்டினர். அதன் விளைவாக மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோஹித் மைத்ரா ஆகிய மூவர் உயிர் நீத்தனர். நாற்பது நாட்களுக்கு மேல் நீண்ட அந்நோன்பின் பின்னரே நிலை ஓரளவு திருந்திற்று. 1937-இல் மீண்டும் ஒரு பெரும் உண்ணாநோன்பு நிகழ, 1938-இன் தொடக்கத்திற்குள் அரசியல் கைதிகள் தாயகம் மீண்டனர். பால் உயிர் காப்பது என்றே நாம் அறிவோம்; ஒருவன் மனத்திற்கு மாறாக ஊட்டினால் அதுவும் நஞ்சாயிற்று.

அரிசி அற்ற ஆண்டுகள்

1942 மார்ச் 23-ஆம் நாள் ஜப்பானியப் படை இத்தீவுகளைக் கைப்பற்றிற்று. 1945 அக்டோபரில் அவர்கள் முறைப்படி சரணடையும் வரை இருந்த காலம், இங்குள்ள பழங்குடும்பங்கள் இன்றும் தாழ்ந்த குரலில் பேசும் காலம். போர் முற்ற முற்றக் கப்பல் வரத்து நின்றது, அரிசி அற்றது. மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் உயிர் காத்தன. 1945 ஆகஸ்டில், உழைக்க இயலாதவர், உணவுக்குச் சுமை எனக் கருதப்பட்ட பல நூற்றுவரைக் கப்பலேற்றி ஹேவ்லாக் தீவருகே கடலில் தள்ளினர். கரை சேர்ந்தவரும் பட்டினியால் மாண்டனர். தப்பியவர் மிகச் சிலரே என்பர். ஹேவ்லாக் இன்று ஸ்வராஜ் தீவு என்னும் பெயர் தாங்கிச் சுற்றுலாப் பயணிகளை மகிழ்விக்கிறது. அக்கடற்கரையில் நம் பிள்ளைகள் பொட்டலம் பிரித்து உண்ணும்போது, ஒரு பிடி சோற்றுக்கு அங்கு மடிந்தவர்களையும் அவர்களுக்குச் சொல்லுதல் வேண்டும்.

அகப்பையோடு வந்தவர்கள்

நாடு விடுதலை பெற்றபின் இங்கு வந்தோர் விலங்கோடு வரவில்லை, அகப்பையோடு வந்தனர். 1949 முதல் கிழக்கு வங்காள அகதிகள் குடியேறிக் காடு திருத்தி நெல் விளைத்தனர். அவர்களுக்கு முன்னரே, 1921-ஆம் ஆண்டு மலபார்க் கிளர்ச்சியில் தண்டனை பெற்று வந்த மாப்பிள்ளைமார், தம் சிற்றூர்களுக்குக் கள்ளிக்கோட்டை, மஞ்சேரி, வண்டூர் என்று தாயகப் பெயர்களையே இட்டு வாழ்ந்தனர். 1925-இல் பர்மாவிலிருந்து கரேன் மக்கள் காட்டு வேலைக்காக அழைத்து வரப்பட்டு மாயாபந்தர்ப் பகுதியில் குடியமர்ந்தனர். 1962-இல் பர்மாவில் ஆட்சி மாறியபின் வெளியேறிய தமிழ்க் குடும்பங்களுள் சிலவும் பின்னர் இத்தீவுகளை வந்தடைந்தன.

பர்மாவைப் பற்றிச் சொல்லும்போது எம் வீட்டு இரசத்தின் கதையையும் சொல்லவேண்டும். இங்குச் சந்தையில் நீண்டு, விளிம்பில் பற்கள்போல் முள்ளுடைய இலை ஒன்று விற்பதை அறிவீர்கள். பர்மா தனியா என்பர். கொத்துமல்லி கிடைக்காத ஒரு நாள், அதே அளவு என்று எண்ணி ஒரு கைப்பிடி நிறைய நறுக்கி இரசத்தில் போட்டார் எம் மனைவி. மணம் மூன்று வீடு தாண்டிற்று. எம் வீட்டில் ஒருவரும் வாய் வைக்கவில்லை. எம் தாயார் மட்டும் ஒரு குவளை அருந்திவிட்டு, “மருந்தென்று சொல்லியிருந்தால் எல்லோரும் குடித்திருப்பார்கள்” என்றார். இரண்டே இலை போதும் என்பது அன்று கற்ற பாடம். இன்று அவ்விலை இல்லாத இரசத்தை எம் பிள்ளைகள் இரசம் என்றே ஒப்புவதில்லை. விடுமுறைக்குத் தாயகம் சென்றால், “ஏன் இங்கே இரசம் மணக்கவில்லை?” என்று கேட்கிறார்கள். பிழையாகத் தொடங்கியது ஒரு தலைமுறைக்குள் மரபாகிவிட்டது.

கச்சாலில் ஒரு காலை

1964 அக்டோபர் 30-ஆம் நாள் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த நம் மக்கள் இலட்சக்கணக்கில் இந்தியாவுக்குத் திரும்ப நேர்ந்தது. அவர்களுள் சில குடும்பங்கள் நிக்கோபார்க் கூட்டத்தைச் சேர்ந்த கச்சால் தீவில் இரப்பர்த் தோட்ட வேலைக்குக் குடியமர்த்தப்பட்டன. எம் மனைவியின் சித்தியார் அவ்வாறு சிறுமியாக வந்தவர். தோட்டத்து ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் அவர் கைவந்த கலை.

2004 டிசம்பர் 26-ஆம் நாள் காலை நிலம் நடுங்கிற்று, கடல் எழுந்தது. ஆழிப்பேரலையால் பேரழிவுற்ற இடங்களுள் கச்சால் ஒன்று. சித்தியார் அடுப்பிலிருந்த கல்லை இறக்காமலே பிள்ளைகளை இழுத்துக்கொண்டு மேட்டு நிலத்துக்கு ஓடினார். திரும்பிப் பார்த்தபோது அடுப்பும் இல்லை, வீடும் இல்லை.

முகாமில் பொதுச் சமையல் நடந்தது. அரசும் தொண்டரும் குறைவின்றிச் சோறிட்டனர். அவர் எம்மிடம் சொன்னது இது: “இட்ட சோற்றுக்குக் குறை சொல்ல மாட்டேன் தம்பி. உப்பிட்டவரை மறக்கக்கூடாது. ஆனாலும் விடிந்து எழுந்தால் இன்றைக்கு என்ன சமைக்கலாம் என்று நினைக்க ஒன்றுமில்லையே, அதுதான் தாங்கவில்லை.” பல மாதங்கள் கழித்துத் தகரக் கொட்டகையில் ஓர் அறையும் ஓர் அடுப்பும் கிடைத்தன. அன்று ரொட்டி சுட முனைந்தார். கல் இல்லை, கிடைத்த தகட்டைக் காய்ச்சி அதில் இட்டார். ஒருபுறம் கருகிற்று, மறுபுறம் வேகவில்லை. அம்மி இல்லாமையால் சம்பலைக் கையாலேயே பிசைந்தார். பக்கத்து அறைகளிலிருந்தோர் ஆளுக்கொரு துண்டாக அக்கருகிய ரொட்டியைப் பகிர்ந்து உண்டனர். “அதைப்போல் ஒரு ரொட்டி அப்புறம் நான் சுடவே இல்லை” என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்வார். சொல்லும்போது கண் கலங்கும்.

பத்தாண்டு காத்து அடுப்புப் பெற்ற அந்தப் பழைய கைதியையும், தகரக் கொட்டகையில் அடுப்புப் பெற்ற சித்தியாரையும் யாம் ஒன்றாக நினைப்பதுண்டு. ஒருவர் குற்றத்தால் இழந்தார். ஒருவர் கடலால் இழந்தார். மீண்டு வந்ததற்கு இருவர்க்கும் அடையாளம் ஒன்றே.

பந்தியில் அமருமுன்

2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இத்தீவுகளின் மக்கள் 3,80,581 பேர். அவர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ பதினைவர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர். வங்காளத்திற்கும் இந்திக்கும் அடுத்த இடம் நம் மொழிக்கே. 2024-இல் போர்ட் பிளேர் நகருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்னும் பெயர் வந்தது. ஊர்களின் பெயர் மாறும், ஆட்சிகள் மாறும். காலையில் இட்டலிக் கொப்பரையில் ஆவி எழுவது மட்டும் மாறவில்லை.

ஆயினும் இவ்வடுப்பை எரியவைத்தவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. மழையில் நனைந்த விறகோடும், பூசணம் பூத்த வடகத்தோடும், வராத கப்பலோடும் போராடிய நம் தாய்மார்களே அவர்கள். ஆகவே யாம் வேண்டுவது ஒன்று. உங்கள் வீட்டு மூதாட்டியார் இங்கு மூட்டிய முதல் அடுப்பைப் பற்றியும், அவர் செய்த முதல் தவறைப் பற்றியும் கேட்டு எழுதி வையுங்கள். ஆண் மக்களும் அகப்பை பிடிக்கப் பழகட்டும். நமைச்சலின் வரலாறு அப்பொழுதுதான் அவர்களுக்கும் விளங்கும்.

பொதுக் கொப்பரை ஒன்றுதான். அதில் கட்டாயமாய் உண்டால் சிறை, மனமொப்பி ஒன்றாய் உண்டால் விழா. சொந்த அடுப்பு உடையவர்கள் ஒருநாள் அதனை அணைத்துவிட்டு, அனைவர்க்குமாக ஓர் அடுப்பு மூட்டுவதே நம் சங்க ஆண்டு விழாவின் பந்தி. அதில் சாதியும் பதவியும் பாராது, வங்காள அண்டை வீட்டாரும் கரேன் நண்பரும் அமர, நாம் பரிமாறுவோமாக.

இவ்வாண்டுப் பந்தியில் சேப்பங்கிழங்குப் புளிக்குழம்பும் உண்டு. புளி போதிய அளவு வந்து சேர்ந்துவிட்டதா என்று எம் மனைவி இருமுறை எண்ணிப் பார்த்துவிட்டார். அன்பர்கள் அஞ்சாது உண்ணலாம்.